வெயில் படாத துணி

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் அக்கா என்பார்கள். அவள் மூக்கைக் கண்டால் நடுங்குவார்கள். ஆஸ்பத்திரி விரிப்பை லேசான ஈரத்தோடு யாராவது மடித்தால் போதும், வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவாள். "யாரு இந்த வேலையப் பண்ணது? நோயாளிக்கு இத விரிச்சா சொறி பிடிக்காதா?" என்று ஆரம்பித்தால் இஸ்திரிக்காரர்கூட வாயைத் திறக்கமாட்டார்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில்தான் இந்தக் கூத்து.

மகளுக்குப் பட்டப்பெயர் வாயாடி. அவள் சில நாளாக வாயே திறக்காமல் கிடந்தாள். உட்கார்ந்தால் நெளிந்தாள். கடைசியில், "நான் இனிமே பள்ளிக்கூடம் போகலம்மா" என்று ஒரே போடாகப் போட்டாள். படிப்பைப் பாதியில் விட்டு ஈரத்துணியோடு மல்லுக்கட்டுகிறவள் அக்கா. மகளாவது தப்பிக்க வேண்டாமா?

கதவைச் சாத்தினாள். "யாராவது ஏதாவது சொன்னாங்களாடி?"

"அதெல்லாம் இல்லம்மா. அங்க... எரியுது. அரிப்புத் தாங்கல. பெஞ்சுல உக்கார முடியல."

"மாசத்துணிய எங்க காயப்போடுற?"

"நீ சொன்ன எடத்துலதான்."

கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால். ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாதென்று அக்காவே காட்டிவிட்ட மூலை. ஜன்னலில்லாத ஒற்றை அறையில் எல்லாமே ஈரவாடைதான். அவள் மூக்கும் வீட்டுக்கு வந்தால் லீவு போட்டுவிடும். இன்று குனிந்து எடுத்து முகர்ந்தாள். குப்பென்று அடித்தது. "அடிப்பாவி, நானே பண்ணிட்டேனே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

மறுநாளே மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்தார். "துணி வைக்கிறது தப்பில்லம்மா. சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயில்ல காயவைங்க. நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தணும்" என்றார்.

எரிச்சல் அடங்கியது. ஆனால் அந்த வரிசை வீடுகளில் வெயில் விழுவது எல்லார் வாசலும் பார்க்கிற பொது முற்றத்தில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா துணிகளைத் துவைத்து, கொடிக்கு நட்டநடுவில் விரித்தாள்.

வாயாடி கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, மானம் போயிடும்! மேல ஒரு துண்டாவது போடு."

"மூடி மூடி வெச்சுத்தான் உன்ன இந்தக் கதிக்கு ஆளாக்கினேன். காயட்டும்."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தையல்காரி வெளியே வந்தாள். அவள் வாயில் விழுந்தவர்கள் எழுந்ததில்லை. கொடியைப் பார்த்தாள், வாயாடியைப் பார்த்தாள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள்.

தையல்காரி விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஈரத்துணியோடு சின்ன வாளி, பின்னால் தலையைக் குனிந்தபடி அவள் மகள்.

"கொஞ்சம் தள்ளிப் போடேன்க்கா," என்றாள் குரலைத் தாழ்த்தி. "எம்பொண்ணும் நெளிஞ்சுக்கிட்டே இருக்கா. என்னன்னு கேக்க எனக்கு வாய் வரல."

அக்கா துணிகளை நகர்த்தி இடம் விட்டாள். கண் கலங்கிப்போயிற்று.

வாயாடி அந்தப் பெண்ணிடம் போய் நின்றாள். "எனக்கும் எரிஞ்சுதுடி. டாக்டரம்மாகிட்ட காட்டினோம், சரியாயிடுச்சு. நீயும் காட்டு. நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போறேன், வர்றியா?"