மரை பொருந்தினால் போதுமா

கோட்டுச்சேரி உதிரிபாகக் கடையில், கல்லாவில் உரிமையாளர் அஸ்ஃபாக் இருந்தார். டயர் அடுக்கின்மேல் மெக்கானிக் அன்பழகன். வாசலில் நின்ற எங்கள் காருக்குள் என் மனைவி நீலாயதாட்சி. எனக்கு மட்டும் இருக்கை இல்லை.

கீழவாஞ்சூருக்கு வேலைக்கு அவள் தினமும் போவது இந்தக் காரில்தான். ஒரு மாதமாகக் காலையில் கிளப்பினால் இன்ஜின் கடகடக்கிறது. அன்பழகன் வாசலிலேயே கழற்றித் தந்த ஆயில் பில்டரை மேசையில் வைத்தேன்.

"இதே மாதிரி குடுத்துர்றேன். மரை கரெக்டா உக்காரும்," என்றார் அஸ்ஃபாக்.

"இதுவே நீங்க குடுத்ததுதாங்க. ராத்திரி ஆயில் கீழ இறங்காம நிறுத்துற வால்வு இதுல இல்ல. அதான் காலையில ஆயில் இல்லாம இன்ஜின் கடகடங்குது. கார் புத்தகத்துல உள்ள நம்பர் பில்டரக் குடுங்க."

"புத்தகமா சார் வண்டி ஓட்டுது?" என்று அன்பழகன் சிரித்தார்.

காருக்குள்ளிருந்து குரல் வந்தது: "தலையில உக்காருதுன்னு ஹெல்மெட்டுக்குப் பதிலா சோத்துப்பானையக் கவுத்துக்குவீங்களாண்ணே?"

"ஊர்ல எல்லாருக்கும் இதாம்மா போகுது," என்றார் அஸ்ஃபாக்.

எல்லாருக்குமா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை இன்ஜின்கள் இப்படித் தேய்கின்றனவோ!

சரியான எண்ணுள்ள பில்டரைக் காரைக்காலுக்கு அனுப்பும்படியும், எந்தக் காருக்கு எந்தப் பில்டர் என்ற பட்டியலைக் கடைகளுக்குத் தரும்படியும் கார் கம்பெனிக்கு எழுதினேன். பழையதையே மாட்டிக் காரை வீட்டில் நிறுத்தியாயிற்று; சரியான பில்டர் வரும்வரை அதை எடுப்பதில்லை. மறுநாள் நீலாயதாட்சியைப் பஸ் ஏற்றிவிட்டு, கடித உறையைக் கோந்து தடவி ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்தேன்.