வேர் பார்க்கிற மனுஷன்

மூன்றாவது குச்சியும் கறுத்துவிட்டது. காஜாக்கா அதன் தோலை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே துளி பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். தெரியவில்லை. ஊறிப்போன தேயிலை மாதிரி ஒரு நிறம்தான் இருந்தது. பால்கனித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆயத்த ஆடை கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுகிறவள் அவள். அந்தத் துளைக்குக் காஜா என்று பெயர், அதுவே அவளுக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. நூல் இழுக்காமல், துணி சுருங்காமல் தைக்கிற கை. அந்தக் கைக்கு ஒரு குச்சியைத் துளிர்க்க வைக்கத் துப்பில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எங்கேயோ வேலியோரம் ஒடித்து வந்த குச்சியென்றால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். இது அவள் அக்காவின் ரோஜா. வெளிர் சிவப்பு, கடையில் விற்கிற பூ மாதிரி விறைத்துக்கொண்டு நிற்காது, தொட்டாலே உதிரும், ஆனால் வாசனை அறை முழுக்க நிற்கும். எப்போது போனாலும் கிளம்பும்போது ஒரு பூவை ஈரக் கைக்குட்டையில் சுற்றிக் கையில் திணிப்பாள் அக்கா. அந்த அக்கா போய்விட்டாள். பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று செடியைத் தோண்டி எறிந்து சிமென்ட் பூசிவிட்டார். சாவி கைமாறுவதற்கு முன்னால் ஓடிப்போய் இவள் வெட்டிக்கொண்டு வந்ததில் நாலு குச்சிதான் தேறியது. இனி ஒன்று வேண்டுமென்றால் சிமென்டைத்தான் வெட்ட வேண்டும்.

எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாள்! கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, சோற்றுக் கற்றாழையைப் பிளந்து அந்தக் கூழில் முக்கி, பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பட்டைத் தூளில் புரட்டி நட்டாள். தண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்து மேலே கவிழ்த்தாள். முதல் குச்சி போனதும் தேன் தடவச் சொன்னாள் கீழ்வீட்டுக்காரி. இரண்டாவது போனதும், உருளைக்கிழங்கில் துளை போட்டுச் செருகினால் கண்ணை மூடிக்கொண்டு வேர் விடும் என்று கைபேசி வீடியோவில் ஒருத்தி சத்தியம் செய்தாள். காசு செலவில்லை, எல்லாம் அடுக்களையிலேயே இருக்கிறது என்று சிரிக்க வேறு சிரித்தாள். செருகியதில் ரோஜாக் குச்சி அழுகிப்போய், உருளைக்கிழங்கு ஜம்மென்று இலை விட்டது.

"ரோஜா வருதோ இல்லையோ, பொரியலுக்கு ஆச்சு," என்றார் அவள் கணவர்.

அவரைத் தெருவில் எல்லோரும் செக்கர் என்பார்கள். பேருந்தில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்வு கொடுத்தது, அவர் வேலைக்கு ஓய்வு கொடுக்கவில்லை. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மூக்கை நீட்டுவார். அவள் கட்டி வைத்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். பேசிவிட்டுக் கைபேசியை வைத்தால் யார் என்று கேட்பார், சொன்னால் எடுத்துப் பார்ப்பார். கல்யாணமான புதிதில், அவரே ஏற்றி உட்காரவைத்த பேருந்தில், அவ்வளவு பேர் முன்னால் அவளிடம் கையை நீட்டி டிக்கெட் கேட்டவர் அவர். பொண்டாட்டி என்றால் மட்டும் சட்டம் வேறயா என்று அந்தக் கதையை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார். அவள் கூடவே சிரித்துவைப்பாள்.

மூன்றாவது குச்சியைக் குப்பையில் போட்டபோது, "உனக்குக் கைராசி இல்லை, விடு. உங்க அக்காவுக்கு இருந்துச்சு," என்று அவர் சொன்னதும் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. கைராசி இல்லாதவள் கையில் அக்காவைக் கொடுத்தது யார் என்கிற மாதிரி ஒரு துக்கம்.

ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்ததில் மீதியிருந்த ஒரே குச்சியை நடும்போது தேனும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. வெறும் கற்றாழையில் முக்கி, சின்னத் தொட்டியில் மணல் கலந்த மண்ணில் ஊன்றி, பாட்டிலைக் கவிழ்த்து வைத்தாள். அரிசி களைந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கொஞ்ச நாளில் கணுவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பிறகு அது கூராயிற்று. தொடக்கூடப் பயந்து, தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள்.

அன்று கம்பெனியில் மின்சாரம் போய்விட்டது. மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் பால்கனிக் கதவருகே நின்றாள். செக்கர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டில் ஓரமாகக் கிடந்தது. குச்சி அவர் கையில் இருந்தது. பழைய நாளில் சந்தேகப்பட்ட டிக்கெட்டைத் தூக்கிப் பார்ப்பாரே, அதே மாதிரி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

அவளைப் பார்த்ததும் பதறுவார் என்று நினைத்தாள். அவர் முகம் மலர்ந்தது.

"வா வா, இங்க பாரு! வந்திருச்சு!"

குச்சியின் அடியில் வெள்ளையாக, தையல் நூலைவிட மெல்லியதாக, சின்னதாக ஒரு வேர் இருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று பாதியில் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

தினமும் இப்படித்தான் எடுத்துப் பார்ப்பீர்களா என்று அவள் கேட்டாள். பின்னே என்று ஆரம்பித்தார் அவர். நட்ட மறுநாளிலிருந்தே பார்க்கிறாராம். அந்த மூன்றையும் அப்படித்தான் பார்த்தாராம், ஒன்றிலும் வேர் இல்லையென்று அப்போதே அவருக்குத் தெரியுமாம், மனசு கஷ்டப்படுவாளே என்றுதான் சொல்லவில்லையாம். பார்த்துவிட்டு மண்ணை நன்றாக அழுத்தி, தண்ணீர் தெளித்து, சிந்தியதைக்கூடத் துடைத்துத்தான் வைப்பாராம். பொறுப்பாகச் செய்த காரியத்தைச் சொல்லுகிற குரல் அது. அந்தப் பொறுப்பைக் கேட்கக் கேட்க அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டா எனக்குக் கைராசி இல்லை என்று சொன்னது? நான் சோறு இறங்காமல் கிடந்தேனே, அப்போதும் வாயைத் திறக்கவில்லையே இந்த மனுஷன்!

"குடுங்க அதை," என்றாள். வாங்கிக் கற்றாழையில் முக்கினாள். குழியில் இறக்கி மண்ணைத் தூவினாள். அழுத்தவில்லை. பாட்டிலைக் கவிழ்த்த பிறகுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கைராசி இல்லைன்னு சொன்னீங்களே. நீங்க மண்ணுக்குள்ள விட்டாத்தானே எதுவும் வேர் விடும்? இத்தனை வருஷமா இந்த வீட்டுல ஒண்ணையாவது, என்னையாவது, பாக்காம விட்டிருக்கீங்களா?"

"பாத்தா என்ன இப்ப? வேர் வந்திருக்கான்னு தெரிய வேண்டாமா?"

"வேண்டாம்," என்றாள் அவள். "தெரிய வேண்டாம்."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று முனகியபடி உள்ளே போனார். சிறிது நேரத்தில் வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் அவள் சாப்பாட்டு டப்பாவோடு தொட்டியையும் எடுத்துக்கொண்டாள். கம்பெனியில் அவள் மிஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் காலை வெயில் விழும். அங்கே சூப்பர்வைசர் ஏதாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கே கொண்டுபோகிறாய் என்று செக்கர் கேட்டார். அவள் செருப்பை மாட்டினாள். எதற்கு, யாரிடம், எப்போது திரும்பும் என்று வரிசையாகக் கேட்டார். ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் படியிறங்குவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கால் பழகாமல் தடுமாறியது, ஆனால் நிற்கவில்லை.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தொட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். குலுங்கும்போதெல்லாம் பாட்டிலுக்குள் நீர்த்துளிகள் வழிந்தன. அறுந்தது போக மீதி வேர் பிடித்துக்கொண்டிருக்கிறதா, இல்லையா. தெரியாது. அந்தச் சிவப்புக் கூர் மட்டும் நேற்றுப் போலவே இருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் ஏறியது. சின்ன வயசுப் பையன், சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தான். அவளிடம் வந்ததும் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். பிறகு மடியைப் பார்த்தான்.

"என்னம்மா இது, வெறும் குச்சியா இருக்கு? உயிர் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே குனிந்து, பாட்டிலைத் தூக்கக் கையை நீட்டினான்.

காஜாக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தட்டிய சத்தம் முன் இருக்கை வரை கேட்டிருக்க வேண்டும், எல்லோரும் திரும்பினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்துப் பாட்டிலின் மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

"டிக்கெட்டைப் பாத்தாச்சில்ல?" என்றாள். "போங்க தம்பி."

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் கை பாட்டிலின் மேலேயே இருந்தது.