கருப்பணார் பேரில் வைத்த குழம்பு

சம்பந்திக்குக் கோழி அடிக்காமல் சென்னியம்மாள் வீட்டில் இலை போட்டதில்லை. இன்று கோழி வாங்க வழியில்லை. தட்டைப்பயறும் கத்திரிக்காயும் வேகவைத்து, வறுத்த நிலக்கடலையை அரைத்து ஊற்றிக் கெட்டியாகக் குழம்பு வைத்தாள்.

"கருப்பணாருக்கு விரதமுங்க, கவுச்சி ஆக்கறதில்லை" என்று நிமிர்ந்தே சொன்னாள்.

மருமகனின் அப்பா பூபதி மறுசோறு வாங்கினார். "கறிக்கொழம்பு தோத்துதுங்க. விரதம் முடிஞ்சாக் கெடா வெட்டோணுமே, எப்பங்க?"

கரண்டி நின்றது. வெட்டவில்லை என்றால் சாமி பேரில் சொன்ன பொய் வெளிப்படும். கெடா வாங்க வழியில்லை என்று சொன்னால் புகுந்த வீட்டில் மகள் தலைகுனிவாள்.

"வர்ற அமாவாசைக்குங்க."

"அப்பப் பங்காளிக அத்தனை பேரையும் கூட்டியாறேன்."

"கூட்டியாங்க. அதென்ன கேள்விங்க?" என்றாள். அவள் ஆட்டுப்பட்டியில் ஒரு குட்டிகூட இல்லை.