மரவாழையைக் கட்டிய கயிறு

1

"ஏளா, மண்ணே இல்லாம இது எதத் தின்னு பொழைக்கும்?"

அக்கா கிளாடிஸ் ஹில்டாவிடம் கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் கதை முளைத்தது. பதில் சொன்னது கிளாடிஸின் புருஷன் செபாஸ்டின், சங்கு குளிப்பவன். "காத்தத்தான். நான் கீழ போனா அது இல்லாம இருக்கேன். இது அத மட்டும் வச்சு இருக்கு."

(ஹில்டா நான்தான் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் வீட்டில் சொல்லாதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: உலகப்போர் முடிந்த மறு வருஷம், தூத்துக்குடிக் கடலோரமெங்கும் இளந்தென்றல் தவழ்ந்து—

அடித்துவிட்டேன். அப்போது வீசியது வாடைக்காற்று. தென்றல் பள்ளிப் புத்தகத்தில் வீசுவது.

இரண்டாவது: புன்னைக்காயல் போகும் வழியில் உடைமரக் கிளையில் தொற்றிப் பூக்கும் மரவாழைச் செடியைப் பட்டையோடு பெயர்த்து வந்தான் செபாஸ்டின். பிள்ளைத்தாய்ச்சி கிளாடிஸ் அதன் பூ வாசத்துக்கு ஆசைப்பட்டிருந்தாள். வளர்க்கும் வேலை, எட்டாவதோடு பள்ளியை விட்டு வீட்டிலிருந்த தங்கை ஹில்டாவுக்கு வந்தது.

இது நிற்கட்டும்.

3

செடியை முற்றத்து முருங்கையில் கட்ட வேண்டும். ஹில்டா யோசிக்கவே இல்லை. அண்ணன் மரியான் கழித்துப்போட்ட கடல்கயிற்றில் ஒரு துண்டை எடுத்தாள்.*

* எங்கள் பக்கம் சங்கு குளிக்க இறங்குபவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் படகில் நின்று பிடிப்பான்; கீழேயிருந்து இழுத்தால் மேலே தூக்குவான். கூடப்பிறந்தவள் தாலி அறுவதை எவன் பொறுப்பான்? அதைவிட நம்பிக்கையான கயிறு வீட்டில் ஏது?

இருபது நாளில் வேர்கள் கறுத்தன. அவள் தெளித்தது நல்ல தண்ணீர்தான், குடிக்கிற குடத்திலிருந்து திருடி. தெளிக்கத் தெளிக்க, கயிறு வருஷக்கணக்காகக் குடித்திருந்த கடலை வேர்மேல் கக்கியது. வெயிலில் அதன் முறுக்குகளில் உப்பு வெள்ளையாய்ப் பூத்ததைக் கண்டபோதுதான் அவளுக்கு—

(இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது.)

4

உடனே அவிழ்த்திருக்கலாமே என்பீர்கள். நானும் அவளிடம் கேட்டேன். அவிழ்த்தால் கிளாடிஸ் காரணம் கேட்பாள். மரியான் கயிறு செடியைக் கொன்றது என்று தெரிந்தபின், அவன் கையை நம்பிப் புருஷனைக் கடலில் இறக்குவாளா? காற்று அடங்கிவிட்டது, திங்கட்கிழமை குளிப்பு. அவிழ்க்காவிட்டாலோ செடி போய்விடும். ஒரே ஒரு வேர்நுனிதான் இன்னும் பச்சை.

முடிவு ஒன்று: பூக்கிறது. (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: திங்கட்கிழமை, கடலுக்கடியில் செபாஸ்டின் கயிற்றை இழுத்து—

இல்லை. எழுதினால் நடந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. செடியையும் திங்கட்கிழமையையும் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது இவ்வளவுதான்.

5

ஞாயிறு பூசை முடிந்து மரியான் வந்தான். முருங்கையருகே நின்றான். கறுத்த வேர்களைப் பார்த்தான். கயிற்றை விரலால் தடவி நாக்கில் வைத்தான். பிறகு ஹில்டாவைப் பார்த்தான்.

"யாருளா அங்கன?" அடுப்படியிலிருந்து கிளாடிஸ் கேட்டாள்.

"அண்ணன்."

"செடிய பாக்கானா? எப்படியிருக்காம்?"

மரியான் கயிற்றை அவிழ்த்தான். பூசைக்குப் போட்டிருந்த புதுத் துண்டின் ஓரத்தை நீளமாய்க் கிழித்து, பச்சை நுனி நசுங்காமல் செடியைக் கட்டினான். கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டான்.

கிளாடிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் தெருவில் இறங்கிவிட்டான்.