இரண்டாவது கையெழுத்து

பறவைக் கணக்கெடுக்கும் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதத்திலிருந்து நாத்தனாரின் கண்ணுக்கு அடுத்த பருவம்தான் தெரிந்தது. கொளுத்தும் கோடையில் மழைக்காலத்து நாரையைப் பார்ப்பாள். மழையில் நனைந்துகொண்டே பனிக்காலத்து வாத்தை எண்ணுவாள். கண்ணில் கோளாறில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

இதில் அவதிப்பட்டவள் அண்ணிதான். ஆற்றோரப் பள்ளக்காட்டில் இருவரும் ஒரே படகில் போய் எண்ணுகிறவர்கள். இருவருமே பார்த்த பறவையைத்தான் பதிவேட்டில் ஏற்றலாம், இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். ஒருத்தி இன்றையதையும் இன்னொருத்தி வரப்போவதையும் பார்த்தால் எது தேறும்? வருடம் முழுக்க அங்கேயே கிடக்கும் காக்கையும் மீன்கொத்தியும்தான் தேறின. அண்ணன் இருந்தவரை இருவரையும் சமாதானப்படுத்தி வந்தார். அவர் போனபிறகு அண்ணி சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

ஆறு வருடம் கழித்து ஒரு கோடையில் வன அதிகாரி வந்தார். காக்கைக்கும் மீன்கொத்திக்கும் ஒரு காடா என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். சாயங்காலத்துக்குள் கூடு கட்டிய நாரை பதிவேட்டில் ஏறாவிட்டால் மரங்கள் பலகை ஆலைக்குப் போகும். அண்ணி உடனே படகை அவிழ்த்தாள். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்தக் காடு ஒன்றுதான்.

படகில் நாத்தனார் மொட்டை மரங்களை அண்ணாந்து பார்த்து, "நாப்பத்திரண்டு கூடு" என்றாள்.

"எனக்கு ஒரு சுள்ளிகூடத் தெரியலையே! பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"குஞ்சு வாயிலேர்ந்து மீன் நழுவி அதிகாரி தொப்பியில விழுது அண்ணி. நீங்களும் தெரியறீங்க. வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறீங்க."

அண்ணி துடுப்பை நிறுத்தினாள். எத்தனையோ சண்டையில் இவளை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். பொய்க்காரி என்று மட்டும் ஒருநாளும் ஏசியதில்லை. பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். கரையில் காத்திருந்த அதிகாரி மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கையெழுத்தும் இருந்ததால் முத்திரை குத்தினார்.

மரங்கள் பிழைத்தன. மழை பெய்தது, ஆறு காட்டுக்குள் புகுந்தது, நாரைகள் வந்தன. கூடுகள் நாற்பத்திரண்டு. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆய்வுக்கு வந்த அதிகாரியின் தொப்பியில் மீன் விழுந்ததும், மூன்று மாதமாகத் தெரிந்த சங்கதிதான் என்றாலும், அண்ணி படகு ஆட ஆடச் சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டவும் செய்தது.

எதிரே நாத்தனார் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பனிக்காலம் தொடங்கிவிட்டது. புழுக்கத்தில் வேர்த்து வழிந்துகொண்டிருந்த அண்ணி பையிலிருந்து கம்பளியை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டு, பதிவேட்டைப் பிரித்தாள்.

"வாத்து எத்தனைடி? சொல்லு, எழுதிக்கறேன்."