நாற்பத்தொன்றாம் எண் பெட்டி

பலகை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மரச்சட்டம் அடித்த பெட்டி, ஒரு ஆள் மூச்சுப் பிடித்துத் தூக்கக்கூடிய கனம். ஸ்டாம்பு இருக்கவேண்டிய மூலையில் எம்.பி. லைல் கெண்ட்ரிக்கின் கையெழுத்து அச்சாகியிருந்தது. வாஷிங்டனில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்படி ஒரு சலுகை. நாமெல்லாம் காசு கொடுத்து ஸ்டாம்பு வாங்கி ஒட்ட வேண்டும். அவர்கள் பெயரைப் போட்டாலே போதும், தபால் ஓடும்.

பெறுநர் என்ற இடத்தில் போஸ்ட்மாஸ்டர், ஓக்வால்டு என்று இருந்தது. அதாவது மார்லிஸ் ஹாகன். கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊரில் பதினெட்டு வருடமாகப் போஸ்ட்மாஸ்டர், குமாஸ்தா, தரை துடைப்பவர் எல்லாம் அவள் ஒருத்தியே. பெட்டிக்குள் இருந்த வெண்கலப் பலகையில் பொறித்திருந்தது அவளுடைய மகனின் பெயர்.

அமெரிக்காவில் ஒரு சிப்பாய் செத்தால் நாடாளுமன்றம் அவன் பெயரை ஏதாவது ஒரு தபால்நிலையத்துக்கு வைக்கும். போர் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் சண்டை போடாமல் கை தூக்குகிற காரியம் அநேகமாக அது ஒன்றுதான். ஆகிற செலவு ஒரு பலகை. ஈராக்கில் கேலன் ஹாகன் செத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கெண்ட்ரிக் நேரில் வந்து பலகையைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு.

மார்லிஸ் பெட்டியைப் பிரிக்கவில்லை. கடிதங்கள் பிரிக்கும் மேசைக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

"ஏம்மா மார்லிஸ், இன்னுமா அதை உடைக்கல?" புதன்கிழமை காலையில் வெர்லின் கேட்டார். பீட்ரூட் விவசாயம் பார்த்து ஓய்ந்தவர். தினமும் ஒன்பது மணிக்குத் தன் தபாலை எடுக்க வருவார். தபால் இருக்கிறதோ இல்லையோ, காபி குடிக்காமல் போகமாட்டார்.

"இப்ப என்ன அவசரம் வெர்லின்?"

"என் பையனா இருந்தா ராத்திரியே உடைச்சு கட்டிப் புடிச்சுத் தூங்கியிருப்பேன். நல்லாக் கேட்டுக்கோ. மூடப்போற தபாலாபீஸ் லிஸ்ட்ல நம்ம ஊரும் இருக்கு. பேரு வெச்ச கட்டடத்தை மூட மாட்டானுங்க. ஏற்கெனவே பள்ளிக்கூடம் போச்சு, பேங்கு போச்சு. இதுவும் போச்சுன்னா ஓக்வால்டுன்னு ஒரு ஊரு இருந்ததுக்கே சாட்சி கெடையாது. கேலன் செத்தும் ஊரைக் காப்பாத்திட்டான், போ."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். மார்லிஸ் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

பிரிக்காமல் வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. தபால் துறையில் ஒரு விதி உண்டு: உறை பிரிக்காத வரைக்கும் எந்தத் தபாலையும் பெறுநர் வாங்க மறுக்கலாம். பிரித்துவிட்டால் அது உங்களுடையது, உங்கள் தலையில்தான். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேருக்கு அவள் இந்த விதியைக் கவுண்டர் ஜன்னல் வழியாக விளக்கியிருக்கிறாள்.

போன அக்டோபரில் ரெய்ஸ் என்ற பையன் வந்திருந்தான். கேலனோடு ஒரே படைப்பிரிவில் லாரி ஓட்டியவன். டெக்சஸிலிருந்து இரண்டு நாள் காரோட்டி வந்தவன் ஜன்னலுக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கழுத்திலிருந்து காது வரை தோல் உருகிக் காய்ந்திருந்தது.

"அம்மா, உங்களுக்கு என்ன எழுதி அனுப்பினாங்க?"

"எதிரியோட நடந்த சண்டையில செத்தான், வலி தெரியாம உடனே போயிட்டான்னு எழுதியிருந்தாங்க தம்பி."

அவன் தரையைப் பார்த்தான். "சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அவன் கையில ஸ்டீயரிங் மட்டும்தான் இருந்துச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பெட்ரோல் லாரிகள் முகாமை விட்டுக் கிளம்பினால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகத் துப்பாக்கி பொருத்திய கவச வண்டிகள் போகும், தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றும். அன்றைக்கு எதுவும் இல்லை. கேட்டதற்கு, வாஷிங்டனிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் சந்தையைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார், எல்லாம் அங்கே போய்விட்டன என்றார்கள். காவல் இல்லாமல் போகமாட்டோம் என்று இவர்களுடைய சார்ஜென்ட் மல்லுக்கு நின்றார். போ என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சாலையோரக் குண்டு கேலனின் லாரிக்கு அடியில் வெடித்தது. உதவி வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது.

"உடனே போயிட்டான்னு எழுதினாங்களே?" என்றாள் மார்லிஸ்.

ரெய்ஸின் கை கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது. மார்லிஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

கிளம்பும்போது அவன் தேதியைச் சொன்னான். அவளுக்குத் தெரியாத தேதியா? மார்ச் பதினான்கு.

ஊர்க்காரர்கள் வந்து தங்கள் தபாலை எடுத்துக்கொள்ள அந்தத் தபால்நிலையத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள், பித்தளைக் கதவு போட்டவை. நாற்பத்தொன்று கேலனுடையது. பதினாறு வயதில், காதலிகள் எழுதுவதை அம்மா பிரித்துவிடக் கூடாது என்று தனியாக எடுத்துக்கொண்டான். ஊர்த் தபாலையெல்லாம் பிரித்துப் பெட்டியில் போடுவதே அம்மாதான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை என்று ஊரே சிரித்தது. ஊரில் யாராவது இறந்தால் அதே வாரத்தில் பெட்டியை மூடி, வருகிற தபாலில் 'காலமானார்' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு அவள் அப்படித்தான் செய்தாள். நாற்பத்தொன்றை மட்டும் மூடவில்லை. தூண்டில் விளம்பரமோ, டிராக்டர் கடைத் துண்டுச்சீட்டோ, எது வந்தாலும் அதில் போடுவாள். எடுக்கமாட்டாள். பெட்டி நிறைந்துகொண்டே வந்தது. உயிரோடு இருக்கிறவன் எங்கோ ஊருக்குப் போயிருக்கிறான் என்பதுபோல.

ரெய்ஸின் கார் போனபிறகுதான் முதல்முறையாக அதற்குள் இருந்ததைக் கிளறிப் பார்த்தாள். அடியில் கிடந்தது, கேலன் செத்த மறுமாதம், ஏப்ரலில், கெண்ட்ரிக் தொகுதி முழுக்க அனுப்பிய செய்திமடல். முதல் பக்கத்தில் குண்டு துளைக்காத சட்டையும் சிரித்த முகமுமாகக் கெண்ட்ரிக்; கையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். கீழே எழுதியிருந்தது: 'மார்ச் 14. இதோ, சாதாரண மனிதனைப் போல இந்தச் சந்தையில் சுதந்திரமாக நடக்கிறேன். நிலைமை மோசம் என்று சொல்பவர்கள் வந்து பார்க்கட்டும்.'

அடக்கம் முடிந்த மூன்றாவது வாரம், அழுது வீங்கிய கண்களோடு, இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளிலும் அவள்தான் அதைப் போட்டிருந்தாள். தன் கையால், படித்துப் பார்க்காமலே. மகன் பெட்டியிலும் போட்டிருந்தாள்.

அன்றைக்கு அவளுக்கு வந்தது அழுகை அல்ல. ஆத்திரம். ஈராக்கில் ஆயுதம் குவித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போருக்குப் போனார்கள். தோண்டித் தோண்டிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, ஏமாந்துவிட்டார்கள் என்று அதை அவள் மன்னித்திருந்தாள். ஓட்டுகூடக் கெண்ட்ரிக்குக்குத்தான் போட்டிருந்தாள். இந்தப் பேரீச்சம்பழத்தை மன்னிக்க முடியவில்லை.

புதன்கிழமை மதியம் கெண்ட்ரிக் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஹெய்டி என்ற உதவியாளர்தான் எடுத்தாள். விழா ஏற்பாடெல்லாம் அவள் பொறுப்பு.

"பலகையில என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டு பொண்ணே."

"பெட்டியைத் திறந்து பாக்கலையா மேடம்? ரொம்ப அழகா வந்திருக்கு. 'கேலன் ஹாகன் நினைவு தபால்நிலையம். எதிரியை நேருக்கு நேர் எதிர்த்துப் போரிட்டு வீரமரணம் எய்தியவர்.'"

"அது பொய். காவல் வண்டி இல்லாம அனுப்பினாங்க, எரிஞ்சு செத்தான். காவல் வண்டியெல்லாம் உங்க எம்.பி.யைச் சுத்தி நின்னுச்சு. பலகையை மாத்துங்க."

"மேடம், பலகை வார்த்துட்டாங்க. இனிமே ஒரு எழுத்துகூட மாத்த முடியாது."

"அப்ப அவர் வாயால சொல்லட்டும். வெள்ளிக்கிழமை, எல்லார் முன்னாடியும், ஒரே ஒரு வாக்கியம். சொன்னாருன்னா நானே ஆணி அடிச்சு மாட்டுறேன்."

"அவர்கிட்ட... பேசுறேன் மேடம்."

வெள்ளிக்கிழமை தேவாலயத்துப் பெண்கள் எலுமிச்சை கேக்கும் பன்றித்தொடை சாண்ட்விச்சுமாகக் காலையிலேயே வந்து மேசை போட்டுவிட்டார்கள். பலகைக்கென்று குறித்த சுவரில், ஹெய்டி சொன்னபடி, நீலத்துணி ஒன்றை மார்லிஸ் தொங்கவிட்டிருந்தாள். பலகையை மாட்டித் துணியால் மூடியாயிற்று என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

பத்தேகாலுக்குக் கெண்ட்ரிக் பின்வாசல் வழியாகக் கடிதம் பிரிக்கும் அறைக்குள் வந்தார். ஹெய்டியை வெளியே நிறுத்தினார். படத்தில் பார்த்ததைவிட வயதானவராக இருந்தார். அவள் கையைத் தன் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்; பழகிய பிடி.

"அம்மா, ஹெய்டி எல்லாம் சொன்னா."

"உங்களுக்குத் தெரியுமா? அன்னைக்கே தெரியுமா?"

அவர் கதவைப் பார்த்தார். "அன்னைக்குத் தெரியாது. ஒரு மாசம் கழிச்சுத்தான் சொன்னாங்க. சத்தியமா."

மார்லிஸ் எதிர்பார்த்திருந்தது மறுப்பை. இல்லவே இல்லை என்பார், விசாரிக்கிறேன் என்பார், அலுவலகத்திலிருந்து கடிதம் வரும் என்பார் என்று நினைத்திருந்தாள். தெரியும் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்வார் என்று நினைக்கவில்லை.

"தெரிஞ்சுமா இப்படி எழுதினீங்க?"

"யோசிச்சுப் பாருங்க. வெளியில நூறு பேர் நிக்கிறாங்க. உங்க பையன் ஒரு காரணத்துக்காக உயிரைக் குடுத்தான்னு நம்பறாங்க. அந்த நிம்மதியை ஏன் அவங்ககிட்டேருந்து பறிக்கணும்? உண்மையைச் சொன்னா கேலன் திரும்பி வந்துடுவானா?"

"வரமாட்டான். ஆனா அடுத்தவன் பையன் போகாம இருப்பான்ல?"

கெண்ட்ரிக் பெருமூச்சு விட்டார். "இந்தத் தபாலாபீஸ் மூடுற லிஸ்ட்ல இருக்கு. எடுத்துவிட நான் எவ்வளவு பாடுபடுறேன்னு உங்களுக்குத் தெரியாது. நான் சொல்றது புரியுதுல்ல?"

நன்றாகவே புரிந்தது. அவள் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். சட்டம் பிரியாமல், பட்டைகூட அறுபடாமல் இருந்தது. இழுப்பறையைத் திறந்து ரப்பர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, கெண்ட்ரிக்கின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓங்கிக் குத்தினாள்: 'வாங்க மறுத்தார். அனுப்பியவருக்கே திருப்புக.'

"என்ன பண்றீங்க?"

"பெட்டியை நான் பிரிக்கல. பிரிக்காத தபாலை வாங்க மறுக்க எனக்கு உரிமை இருக்கு சார். நாலு நாள்ல உங்க ஆபீசுக்கு வந்துடும்."

பத்தரை மணித் தபால் வண்டி பின்னால் வந்து நின்றது. அவளே தூக்கி ஏற்றினாள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது.

கெண்ட்ரிக் லேசுப்பட்ட ஆளா? பதினொரு மணிக்கு நீலத்துணிக்கு முன்னால் நின்று இருபது நிமிடம் பேசினார். தியாகம் என்ற சொல்லை ஒன்பது முறை சொன்னார். மார்லிஸ் ஜன்னலுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துத் துணியின் ஓரத்தைப் பிடித்தார், போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார், இழுக்காமலே விட்டுவிட்டார். அவசர வேலை என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

துணியை விலக்கிப் பார்த்தவர் வெர்லின்தான். வெறும் சுவர்.

மார்லிஸ் எல்லோருக்கும் நடந்ததைச் சொன்னாள். ரெய்ஸ் சொன்னது, சந்தை, நாற்பது நிமிடம், ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு கிழவி அழுதாள். சாண்ட்விச்சுகளை மூடி எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

வெர்லின் கடைசியாகப் போனார். "நீ சொல்றது உண்மையாவே இருக்கட்டும். மாட்டிட்டுச் சொல்லியிருக்கலாம்ல? ஊரு தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே மார்லிஸ்."

மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் தபால் எடுக்க வந்தார். காபி குடிக்கவில்லை.

ஜூன் மூன்றாவது வாரம் வண்டியில் இரண்டு வந்தன. ஒன்று, தபால்நிலையத்தை மூடுவது பற்றிய அறிவிப்பு. அறுபது நாள் மக்கள் பார்வைக்கு ஒட்டிவைக்க வேண்டும். மற்றது கெண்ட்ரிக்கின் செய்திமடல், ஒரு கட்டு. ஸ்டாம்பு இடத்தில் அதே கையெழுத்து. முதல் பக்கத்தில் நீலத்துணியின் ஓரத்தைப் பிடித்துச் சிரிக்கிற கெண்ட்ரிக். 'வீரன் கேலன் ஹாகனின் நினைவுப் பலகையைத் திறந்துவைத்தேன். அவருடைய தாய் கண்ணீர் மல்க நன்றி கூறினார்.'

இந்த முறை அவள் முழுக்கப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

கட்டோடு குப்பையில் போட்டுவிடலாம். கேட்க நாதி இல்லை. ஆனால் தபாலைத் தடுக்கமாட்டேன் என்று பதினெட்டு வருடத்துக்கு முன் கையை உயர்த்திச் சத்தியம் செய்தவள் அவள். கெண்ட்ரிக் போன்றவர்களும் இப்படிக் கையை உயர்த்தித்தான் பதவிக்கு வருகிறார்கள். அவர்களைப் போல ஆகிவிட அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து இருநூற்றுப் பதினொரு பெட்டிகளில் போட்டாள். வெர்லினுடைய பெட்டியிலும் போட்டாள்.

கையில் ஒன்று மிஞ்சியது.

நாற்பத்தொன்றைத் திறந்து, உள்ளே பிதுங்கிக் கிடந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். தூண்டில் விளம்பரங்கள், டிராக்டர் துண்டுச்சீட்டுகள், பேரீச்சம்பழத்தோடு சிரிக்கிற பழைய செய்திமடல். மேசையில் அடுக்கினாள். ஊர் முழுக்க ஒன்றுபோல் வரும் பொதுமடலைத் திருப்பி அனுப்பும் வழக்கம் தபால் துறையில் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். இழுப்பறையின் மூலையில் கிடந்த இன்னொரு முத்திரையை எடுத்தாள். அடுத்த வீட்டுக்காரர்களுக்கும், பள்ளி ஆசிரியைக்கும், தன் கணவனுக்கும்கூடக் குத்திய முத்திரை. மகனுக்கு மட்டும் அவள் குத்தியதே இல்லை.

மிஞ்சிய செய்திமடலில் குத்தினாள்; முதல் தடவை மை கலங்கிவிட்டது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் குத்தினாள். கெண்ட்ரிக்கின் சிரிப்புக்கு மேல் தெளிவாக விழுந்தது: 'காலமானார். அனுப்பியவருக்கே திருப்புக.'

பிறகு நாற்பத்தொன்றைப் பூட்டி, காலி என்று அட்டை செருகினாள். பத்தரை மணி வண்டி வந்ததும் முதலில் அந்தச் செய்திமடலைத்தான் பையில் போட்டாள்.