பூஷ்தா கடை கராஷேல்

லார்பி கெட்ட மனிதர் இல்லை. அதுதான் துரியாவுக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். இவர் நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து சொல்லுவார், அளந்ததை மறைக்காமல் சொல்லுவார். கட்டின பெண்டாட்டியின் சமையலையும் அப்படித்தான்.

"நல்லா இருக்கு. ஆனா..."

இருபத்தாறு வருஷமாக இதே கதை. குழம்பு நல்லா இருக்கு, ஆனா உப்பு ஒரு கல் கூட. புதுத் திரைச்சீலை நல்லா இருக்கு, ஆனா இடது பக்கம் இரண்டு விரல் இறங்கியிருக்கு. ஒரே ஒரு தடவை, சாவதற்குள் ஒரே ஒரு தடவை, அந்த 'ஆனா' இல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு 'நல்லா இருக்கு' வர வேண்டும் என்பது துரியாவின் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அவளுக்குக் கிடையாது.

அதற்காகத்தான் கராஷேலில் கையை வைத்தாள். சோம்பும் எள்ளும் போட்ட இனிப்பு பன். ஸெஃப்ரூ ஊரில் அதைச் சுடாத வீடு இல்லை. ஆனால் லார்பிக்குக் கராஷேல் என்றால் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பூஷ்தா என்பவர் நடத்திய பேக்கரியின் கராஷேல்தான். பூஷ்தா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

முதல் வாரம் துரியா செய்ததைத் தின்றுவிட்டு லார்பி, "நாப்பது சதவீதம்," என்றார். அவள் ஆரஞ்சுப் பூநீரைக் கூட்டினாள், ஐம்பத்தைந்து ஆயிற்று. பாலைக் காய்ச்சி ஊற்றினாள், அறுபத்திரண்டு. அதற்கு மேல் ஏறவில்லை.

"அடி சிவக்கல, துரியா. கேஸ் அடுப்புல அது வராது."

சரி என்று வியாழக்கிழமை காலையில் தட்டைத் தூக்கிக்கொண்டு, தெருவுக்கே பொதுவான விறகு அடுப்புக்குப் போனாள். அங்கே சீட்டு கிடையாது, நம்பர் கிடையாது. ரொட்டியோ பன்னோ, மூடியிருக்கும் துணியைப் பார்த்தே எந்த வீட்டுத் தட்டு என்று அடுப்புக்கார ஹமீதூ சொல்லிவிடுவான். துரியாவின் பழைய மஞ்சள் துணி கிழிந்துபோனதால் சந்தையில் வாங்கிய நீலக் கட்டம் போட்ட துணியை அன்றைக்குத்தான் முதல் தடவையாக மூடிக்கொண்டு போயிருந்தாள்.

மத்தியானம் தட்டை வாங்கி வந்து, மேசையில் வைத்து, துணியை எடுத்தாள். அவள் உருட்டி வைத்தது பதினாறு. இதில் இருபது இருந்தது. ஐயோ, இது யார் வீட்டுத் தட்டோ என்று வாயைத் திறப்பதற்குள் லார்பி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார்.

மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"இதுதான்," என்றார். "இதேதான், துரியா."

அவள் 'ஆனா'வுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அவர் இன்னும் இரண்டு தின்றார், கண் கலங்கியது, முகம் கழுவ எழுந்து போனார். துரியாவுக்கு முதலில் வயிறு குளிர்ந்தது. அடுத்த நொடியே எரிந்தது. எவளோ சுட்டதற்குக் கிடைத்த பேரைத் தான் வாங்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் வாய் திறக்கவில்லை. மீதியை மூடி எடுத்துக்கொண்டு அடுப்புக்கு நடந்தாள்.

"துணிய மாத்துனா சொல்ல வேணாமா அக்கா?" என்று ஹமீதூ அவள் மேலேயே பாய்ந்தான். "அதே துணிதான் ரஹ்மாவும் வாங்கியிருக்கா. உங்க தட்டு அங்க போயிருக்கும்."

"எந்த ரஹ்மா?"

"பேக்கரி பூஷ்தா மக. ஃபெஸ் டவுன்ல இருந்து வந்து ரெண்டு வாரம் ஆச்சு."

 துரியா தட்டோடு பாலத்தைத் தாண்டிப் போய் ரஹ்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த ரஹ்மாவின் உதட்டில் எள் ஒட்டியிருந்தது.

"மன்னிச்சிருங்க அக்கா, ஆறுதான் மிச்சம். பத்து நானே தின்னுட்டேன்."

"நீயா? உங்கப்பா கராஷேல் தின்னு வளந்தவ, இதையா தின்ன?"

"அதனாலதான். கடையில விக்காம மிஞ்சினதுதான் எங்களுக்கு ராச்சாப்பாடு. அந்த ருசியே எனக்கு ஆகாது. வீட்டுக்காரர் ஆசைப்பட்டாரேன்னு சுட்டேன். உங்களுது நல்லா இருக்கு."

துரியா காத்திருந்தாள்.

"என்னக்கா?"

"இல்ல, இன்னும் ஏதாவது சொல்லுவியோன்னு."

"நல்லா இருக்குன்னேனே. வேற என்ன சொல்றது?" என்ற ரஹ்மா, மிச்ச ஆறையும் தனக்கே வைத்துக்கொண்டு, துரியா கொண்டுவந்த தன் தட்டிலிருந்தே ஐந்தை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தாள்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். "பூஷ்தா மக குடுத்தா. அவ சுட்டது," என்றாள்.

லார்பி ஒன்றை எடுத்து நிதானமாகத் தின்றார். "எழுபத்தெட்டு."

"ஏன் அப்படி?"

"சோம்பு தூக்கல். அப்பன் கை இவளுக்கு வரல. நல்லாத்தான் இருக்கு, ஆனா மத்தியானம் நீ சுட்டதுக்குக் கிட்ட நிக்காது."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அந்த 'ஆனா' அவள் பக்கம் சாய்ந்திருந்தது. பேசாமல் இருந்திருந்தால் ஆயுசுக்கும் அது அவளுடையது. ஆனால் அந்தப் பேர் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"மத்தியானம் நீங்க தின்னதும் இதே தட்டுதாங்க. அடுப்புல மாறிப்போச்சு."

லார்பியின் தாடை நின்றது. ஒரே வயலை இரண்டு தடவை அளந்து இரண்டு கணக்கு வந்தவர் போலப் பன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ உன்னோடது?"

"அவ தின்னுட்டா. பத்து."

"என்ன சொன்னா?"

"நல்லா இருக்குன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் சொல்லல. அவ்வளவுதான்."

லார்பி கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "நாளைக்கு உன்னோடத சுடு," என்றார்.

"எதுக்கு? எத்தனை சதவீதம்னு சொல்லவா?"

"தின்னத்தான். அவ பத்து தின்னிருக்கா. நான் இன்னும் ஒண்ணு கூட ஒழுங்காத் தின்னதில்ல."

துரியா கைத்துணியால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"மாவு இல்ல," என்றாள்.

லார்பி எழுந்து செருப்பைத் தேடினார்.